பஞ்சும் இழையும்: நன்னூல் காட்டும் உவமைக் கல்வி

தறியின் ஓசை கேட்டு வளரும் ஆரணிப் பிள்ளைகளுக்கு நூல் என்னும் சொல் இரு பொருள் உடையது. ஒன்று பாவிலும் ஊடையிலும் ஓடுவது. மற்றொன்று பள்ளியில் கற்பது. ஒரே சொல் இவ்விரண்டிற்கும் பெயரானது எவ்வாறு? இவ்வினாவிற்கு அழகியதோர் உருவகத்தால் விடை தருவது, சமண முனிவராகிய பவணந்தியார் அருளிய நன்னூலின் பொதுப்பாயிரம்.

சொற்களே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே அவள் கை, அவன் அறிவே கதிர். இவ்வாறு நூல் முற்றுப்பெறும் என்கிறது அப்பாயிரம். அடுத்து இன்னொரு விளக்கமும் தருகிறது. மரத்தின் கோணலைத் தச்சன் நூலிட்டு நேராக்குவது போல, மனக் கோட்டத்தைத் தீர்ப்பதும் நூல் என்கிறது. நூற்கும் பெண்ணும் மரம் அறுக்கும் தச்சனும் இலக்கணத்தின் வாயிலிலேயே நம்மை வரவேற்கின்றனர்.

நன்னூல் தோன்றிய காலம் மூன்றாம் குலோத்துங்க சோழனின் ஆட்சிக்காலம் (1178 – 1218). கங்க மரபினனாகிய சீயகங்கன் வேண்டிக்கொள்ள, சனகை என்னும் ஊரைச் சார்ந்த பவணந்தி முனிவர் இதனை இயற்றினார் எனச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. ஐந்திலக்கணத்தையும் தருமாறு சீயகங்கன் வேண்டினான் என்பதும் அதனாலேயே அறியப்படுகிறது. ஆயினும் இன்று நம் கையில் இருப்பவை எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமுமே. அணி இலக்கணத்திற்கென ஒரு பகுதி நன்னூலில் இல்லை. இருந்தும், உவமையைக் கற்பிக்கும் முறைக்கு அதன் பாயிரத்தை விஞ்சிய பாடம் அரிது.

ஆசிரியருக்கு நான்கு உவமைகள்

நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கனோடு பாயிரம் ஒப்பிடுகிறது. ஒப்பிட்டதோடு நின்றுவிடவில்லை. ஒவ்வோர் உவமைக்கும் ஒரு தனி நூற்பா வகுத்து, எவ்வகையில் ஒப்பு என்பதையும் வரையறுக்கிறது. நிலம் பொறுமை உடையது. உழைப்பின் அளவிற்கேற்பப் பயன் தருவது. மலை அளத்தற்கரியது, மழை வறந்த காலத்தும் வளம் தருவது. துலாக்கோல் ஐயம் நீக்கி நடுநிலை காட்டுவது. மலர் மங்கல வினைக்கு இன்றியமையாதது. மென்மையும் மலர்ச்சியும் உடையது.

ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்காய் நிரப்பிய குடம், இட்ட முறையிற் காய்களைத் தராது, முன்பின்னாகவே உதிர்க்கும். மடல் சூழ்ந்த பனை, தானே பழம் உதிர்த்தாலன்றி எவரும் ஏறிப் பறிக்க இடங்கொடாது. பஞ்சு அடைத்த குண்டிகையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. முடத்தெங்கு, ஒருவர் ஊற்றிய நீருக்கு வேறொருவருக்கே காய் தரும். இவற்றிற்கும் பொதுத்தன்மை இன்னதென நூற்பாக்கள் விளங்க உரைக்கின்றன.

மாணாக்கருக்கு விட்டுவைத்த பாடம்

மாணாக்கரைப் பற்றிய நூற்பாவில் முறை மாறுகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கருக்கும் உவமைகள். இங்கே உவமைகளின் பெயர்கள் மட்டுமே வரிசையாக நிற்கின்றன. எவ்வகையில் ஒப்பு என்பதை நூற்பா கூறவில்லை. அதனை உரையாசிரியரே விரித்துரைக்கின்றனர். நெய்யரி ஏன் கடைமாணாக்கனுக்கு உவமையாயிற்று? நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதால். ஆடு ஏன்? ஒரு செடியில் வயிறார மேயாது, செடிதோறும் நுனி கடித்துத் திரிவதால்.

ஆசிரியரைப் பற்றிய நூற்பாக்களில் விளக்கிக் காட்டிவிட்டு, மாணாக்கரைப் பற்றிய நூற்பாவில் விடையை மாணாக்கன் சிந்தனைக்கே விட்டதுபோல் இவ்வமைப்பு தோன்றுகிறது. முதலிற் காட்டுதல், பின்னர்த் தேடச் செய்தல் என்பதே கற்பித்தலின் நெறி அன்றோ?

அணி இலக்கண மரபு

உவமை, பொருள், பொதுத்தன்மை, உவம உருபு ஆகிய நான்கும் கூடியது உவமையணி. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கு வகையாக உவமம் தோன்றும் எனத் தொல்காப்பிய உவமவியல் வகுத்தது. காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவித் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. பொருளணிகளை அது முப்பத்தைந்தாக வகுத்தது. அதே காவியாதர்சத்தைத் தழுவி 9ஆம் நூற்றாண்டிலேயே கன்னடத்தில் கவிராஜமார்க்கம் தோன்றியது. கூர்ச்சரத்தில் சமண ஆசாரியர் ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் காவியானுசாசனம் இயற்றினார்.

கற்பித்தலை எளிதாக்குவதிலும் சமணப் புலவர் முன்னின்றனர். அமிதசாகரர் தம் யாப்பருங்கலக்காரிகையில் எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களைத் தொகுத்து, முதனினைப்புக் காரிகைகளாகவே பாடி வைத்தார். ஒன்றை மனனம் செய்தால் பல பாடல்கள் நினைவிற்கு வரும். நன்னூலுக்குச் சமணராகிய மயிலைநாதர் உரை கண்டார்; பின்னர்ச் சைவராகிய சங்கர நமச்சிவாயரும், அவர் உரையைத் திருத்திய சிவஞான முனிவரும், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் அந்நூலைப் போற்றி விளக்கினர். சமயம் கடந்து தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அது பாடநூலாயிற்று.

இன்று நாம் செய்யத்தக்கது

அணி என்பது இன்று பல மாணாக்கர்க்குத் தேர்வில் எழுதும் இலக்கண விதியாகவே சுருங்கிவிட்டது. அணியின் பெயரை அறிவர். தாமே ஓர் உவமை சொல்லத் தயங்குவர். ஆரணியிலோ இதற்கான கருப்பொருள் வீடுதோறும் உள்ளது. பாவு அசையாது நீண்டு நிற்கிறது. ஊடை இடைவிடாது ஓடுகிறது. ‘பாவு போன்ற பொறுமை’ என்றால் உவமை. ‘பொறுமையாகிய பாவு’ என்றால் உருவகம். எவ்வகையில் ஒப்பு என்று கேட்டால், ‘நாடா எத்தனை முறை ஓடினாலும் தன் இடம் பெயராமை’ எனத் தறியருகே வளர்ந்த பிள்ளை விடை கூறும். அவ்விடையைக் கேட்டுப் பெறுவதே ஆசிரியர் பணி.

உவமை எப்போதும் ஒருபுடை ஒப்புமையே என்பர் உரையாசிரியர். முகம் திங்களைப் போன்றது என்றால் ஒளியாற் போன்றது. தேய்ந்து மறைவதாற் போன்றது அன்று. ஒரு பொருளை இன்ன நோக்கில் இன்னது என வரையறுத்துச் சொல்லும் இப்பழக்கம், அனேகாந்தம் பயின்ற மரபினர்க்குப் புதிதன்று. சொல்லை அளந்து சொல்லவும், பிறர் சொல்லை அதன் நோக்கறிந்து கொள்ளவும் உவமைக் கல்வி பழக்குகிறது.

ஆதலின், இவ்விழா நாளில் நம் இல்லத்துப் பிள்ளைகளிடம் நன்னூலின் எட்டு மாணாக்கர் உவமைகளையும் கூறி, அவை ஒவ்வொன்றும் எவ்வகையில் ஒக்கும் என வினவுவோம். பின்னர்த் தறியைக் காட்டி, ஒன்பதாவது உவமையை அவர்களையே சொல்லச் செய்வோம். பவணந்தி முனிவர் திரித்துத் தந்த இழை நம் ஊரில் அறுந்துவிடாதிருக்க அதுவே வழி.