அடுப்படியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு

மருந்தியல் படிக்கப் போகும் மாணவர்களின் கையில் நுண்ணுயிரியல் வகுப்பில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு வட்டத் தட்டு. அதில் இறுகிக் கிடப்பது என்ன என்று தெரிந்தால் மலேசிய, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். பெருநாளிலும் தீபாவளியிலும் பலகாரத் தட்டில் வரும் அதே அகார் அகார்தான்! கடல்பாசி என்றும் சொல்வார்கள். இந்த மலாய்ச் சொல் உலக ஆய்வுக்கூடங்களுக்குப் போனது எப்படி?

1881ஆம் ஆண்டு. பெர்லினில் ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். திரவத்தில் வளர்த்தால் எல்லாம் கலந்துவிடும். எந்த நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று சொல்ல முடியாது. அவித்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். பிறகு ஜெலட்டினைப் பயன்படுத்தினார். ஆனால் நோய்க்கிருமிகள் விரும்பும் 37 பாகை உடல் வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடும்.

அங்கு பணியாற்றிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸ காற்றில் உள்ள கிருமிகளை ஆராய்ந்து வந்தார். கோடை வந்ததும் அவருடைய ஜெலட்டினும் இளகியது. ஆய்வில் துணைநின்று, படங்களும் வரைந்து கொடுத்தவர் அவர் மனைவி ஃபேனி. "உன் ஜெல்லி மட்டும் வெயிலில் உருகுவதில்லையே, ஏன்?" என்ற பொருளில் கணவர் கேட்டதாகக் குடும்பத்தார் சொல்லி வந்தனர். ஃபேனி அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு அங்கு குடியேறிய டச்சுக்கார அண்டை வீட்டாரிடம் அகார் அகாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். நம் வட்டாரத்துச் சமையல் அறிவு இப்படி இரண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறது.

அகார் உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். இறுகுவதோ 40 பாகையை ஒட்டி. பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்கவும் முடியாது. வேறென்ன வேண்டும்?

மருந்துத் தொழிலுக்கு இதன் பயன் பெரிது. ஊசி மருந்து நிரப்பும் அறையில் அகார் தட்டுகளைச் சில மணி நேரம் திறந்து வைப்பார்கள். பிறகு மூடி, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார்கள். காற்றிலிருந்து விழுந்த ஒரே ஒரு கிருமிகூடச் சில நாளில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். புள்ளிகள் அளவுக்கு மேல் போனால் விசாரணைதான். நோயாளியின் நரம்பில் நேராக இறங்கும் மருந்தாயிற்றே.

காசநோய்க் கிருமியை அறிவித்த 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகாரைப் பயன்படுத்தியதைக் கோக் போகிற போக்கில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸ தம்பதியின் பெயரை எழுதவில்லை. 1887இல் மூடியுள்ள கண்ணாடித் தட்டை அறிமுகப்படுத்திய பெட்ரியின் பெயர் இன்றும் அந்தத் தட்டுக்கு உண்டு. தட்டுக்குப் பெயர் கிடைத்தது. அதில் ஊற்றியதைச் சொன்னவருக்குக் கிடைக்கவில்லை. 1939இல்தான் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எடுத்தெழுதி, ஹெஸ்ஸ அம்மையாரின் பெயரை அகாருக்குச் சூட்டலாம் என்றனர். அம்மையார் 1934லேயே காலமாகிவிட்டார். பெயரும் நிலைக்கவில்லை.