தூண்டில் பொன்னும் விரால் மீனும்

தூண்டில்காரங்க 'லூர்'னு சொல்றது பொய் இரையை. மரம், தகரம், ரப்பர்னு எதுலயாவது செஞ்சிருப்பாங்க. திங்க அதுல ஒண்ணும் இருக்காது. மீன் நம்பிக் கவ்வணும், அவ்வளவுதான். மண்புழுவும் மைதா உருண்டையும் பாத்துப் பழகின நமக்கு இது புதுசு. சரி, இது எங்க ஆரம்பிச்சது?

"வள்ளுவரே சொல்லிட்டார்"னு ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான் :-) சூது அதிகாரம், 931வது குறள். சூதுல ஜெயிச்ச காசு, தூண்டில் பொன்னை மீன் முழுங்கின மாதிரின்னு சொல்றார். பொன்னு மின்னும், அதனால அது லூர்தான், கண்டுபிடிச்சது தமிழன்தான்னு ரெண்டே வரியில முடிச்சிடலாம். ஆனா பரிமேலழகர் உரையைப் பாத்தா, பொன்னுன்னா அங்க இரும்பு. அதாவது இரைக்குள்ள மறைஞ்சிருக்கற முள்ளு. ஆக, அது லூர் இல்லை.

மின்னுற லூருக்கு அமெரிக்காவுல 1852லயே பேடன்ட் வாங்கினவர் ஜூலியோ பியூல். படகுல சாப்பிடும்போது அவர் கைதவறி விட்ட ஸ்பூனை மீன் பாய்ஞ்சு கவ்வினதுதான் ஆரம்பம்னு ஒரு கதை உண்டு. 1936ல பின்லாந்து மீனவர் லௌரி ரபாலா கார்க்கைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுத்தி ஒரு குட்டி மீன் செஞ்சார். பெரிய மீன் கூட்டத்துல தடுமாறி நீந்துற மீனைத்தான் குறிவைக்கும்னு கவனிச்சவர் அவர். அந்தத் தடுமாற்றத்தை அப்படியே லூர்ல கொண்டு வந்ததுதான் அவரோட வெற்றி.

நம்ம சென்னை மாகாணத்துலயும் ஒருத்தர் இருந்தார். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873ல 'தி ராட் இன் இந்தியா', 1887ல ஏரி, குளத்து மீனுக்குன்னே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'ன்னு ரெண்டு புத்தகம் எழுதினார்.

அமெரிக்காவுல லூர்னாலே பாஸ் மீன்தான். நம்ம கண்மாய்ல அந்த இடம் விராலுக்கு. எங்க ஆரப்பாளையத்தை ஒட்டின வைகையில பல மாசம் வெறும் மணல்தான், அதனால கண்மாய்க்குத்தான் போகணும். அங்க பாசியும் தாமரையும் மண்டிக் கிடக்கும். சாதா முள்ளு சிக்கிக்கும். அதனால ரப்பர் தவளை. முள்ளு ரெண்டும் மேல்பக்கமா உடம்போட ஒட்டியிருக்கும், பாசி மேல வழுக்கிட்டு வரும். விரால் அடிச்ச உடனே இழுக்கக்கூடாது. வாய்க்குள்ள போக ஒரு நொடி விட்டு, அப்புறம் சுண்டணும். தெளிஞ்ச தண்ணின்னா சின்ன ஸ்பூன் போதும். கலங்கலா இருந்தா, சத்தம் போடுற, அதிர்ற லூர். ரோகு மாதிரி கெண்டைக்கு இதெல்லாம் வேலைக்காகாது, பழையபடி மாவு உருண்டைதான்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க. தண்ணி மேல செவப்பா ஒரு குஞ்சுக் கூட்டம் மேஞ்சுதுன்னா, கீழ தாயோ தகப்பனோ காவல் நிக்குது. லூர் போட்டா கண்டிப்பா அடிக்கும். பசியில இல்லை, குஞ்சைக் காப்பாத்த. அதைப் பிடிச்சுட்டா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரை.

குறள்ல வர்ற மீன் ஆசையில மாட்டுது. இது பாசத்துல மாட்டுது. அந்த இடத்துல தூண்டிலைச் சுருட்டிட்டு வந்துடுங்க மக்களே.