அரபுத்தமிழ் எழுத்து

அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழே அரபுத்தமிழ். அர்வி என்றும் வழங்கும் இம்முறை காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வளர்ந்தது. மார்க்கச் சட்டம், மருத்துவம், பாடல், கடிதம் எனப் பலவும் இதில் எழுதப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ இவ்வகை நூல்களில் பெயர்பெற்றது.

எழுத்தின் சாயல் நஸ்க் என்னும் அரபுக் கையெழுத்து வகையைச் சேர்ந்தது. பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா (இறப்பு 940), நாணற்பேனா முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவாகக் கொண்டு அரபு எழுத்துகளை ஒழுங்குபடுத்தினார். உருண்டு, தெளிவாக, வாசிக்க எளிதாக இருக்கும் நஸ்க் நாளடைவில் நூல் படியெடுப்போரின் கையெழுத்தாகவும் குர்ஆன் படிகளின் எழுத்தாகவும் நிலைத்தது.

தமிழ் ஒலிகளில் பலவற்றுக்கு அரபில் எழுத்தில்லை. தால் எழுத்தின் கீழே புள்ளியிட்டு டகரமும், ரே எழுத்தின் கீழே புள்ளியிட்டு றகரமும், நூன் எழுத்தின் கீழே புள்ளியிட்டு ணகரமும் ஆக்கினர். சகரத்துக்குப் பாரசீகத்தின் ‘சே’ கைகொடுத்தது. அரபின் குறில்கள் மூன்றே என்பதால் எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகள் தேவைப்பட்டன. பொதுவாக அரபு நூல்களில் விடப்படும் ஜபர், ஜேர், பேஷ் என்னும் குறில் குறிகள் இங்கே கட்டாயம். அவையின்றித் தமிழ்ச் சொல்லை வாசிக்க முடியாது. புள்ளியும் குறியும் அடர்ந்த இப்பக்கங்களில் அலங்காரத்தைவிடத் தெளிவே முதன்மை.

எழுத்தை இரவல் வாங்குவது தமிழுக்குப் புதிதன்று. திருவரங்கத்து வைணவ உரையாசிரியர்கள் வடமொழியும் தமிழும் கலந்து மணிப்பிரவாளத்தில் எழுதியபோது, தமிழெழுத்தில் அடங்காத ஒலிகளுக்குக் கிரந்தம் துணைநின்றது. அரபுத்தமிழில் நடந்தது இதன் மறுதலை: இரவல் எழுத்து தமிழுக்காக வளைந்தது. திருவரங்கத்துக்கு எதிரே காவிரியின் தென்கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியின் அரசவை எழுத்து வழக்கம் வேறு. ஆற்காட்டு நவாபுகளின் அலுவல்மொழி பாரசீகம்; அம்மொழிக்குரிய கையெழுத்து சாய்ந்து இறங்கும் நஸ்தலீக். அரபுத்தமிழோ அரசவையை நாடாமல் வீட்டிலும் மதரசாவிலும் வளர்ந்தது. குர்ஆன் ஓதப் பழகி, தமிழெழுத்து கற்காதிருந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதுவே தமிழ் வாசிக்கும் வழியாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கல்லச்சு இவ்வெழுத்துக்கு ஏற்றதாக அமைந்தது. கூட்டெழுத்துகளுக்கும் கூடுதல் புள்ளிகளுக்கும் அச்செழுத்து வார்ப்பது கடினம். கல்லச்சில் எழுதுபவரின் கையெழுத்தே அப்படியே பதிந்தது. பள்ளிக்கூடக் கல்வி பரவி, மார்க்க நூல்களும் குர்ஆன் மொழிபெயர்ப்புகளும் தமிழெழுத்திலேயே வரத் தொடங்கியதும் 20ஆம் நூற்றாண்டில் அரபுத்தமிழின் தேவை குறைந்தது.

பழைய நூல்கள் பின்னர் ஆய்வுப்பொருளாயின. முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு 1973இல் திருச்சியில் நடைபெற்றது. அறிஞர் தைக்கா சுஐபு ஆலிம் தமிழகம், இலங்கை ஆகியவற்றின் அரபு, அர்வி, பாரசீகப் படைப்புகளை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல் 1993இல் வெளிவந்தது.