விதித்த கோடும் விரும்பிய வண்ணமும்: மண்டலம் தீட்டுதல் அன்றாடப் பயிற்சியான வரலாறு

முன்னுரை

மண்டலம் என்னும் வடசொல்லின் அடிப்படைப் பொருள் வட்டம் என்பதாகும். இருக்கு வேதத்தின் 10 பகுதிகளும் இப்பெயராலேயே வழங்குகின்றன. தமிழிலோ அது தொண்டைமண்டலம், சோழமண்டலம் என நிலப்பிரிவையும், நோன்பு நோற்கவும் மருந்துண்ணவும் குடமுழுக்கிற்குப்பின் பூசை நடத்தவும் கொள்ளப்படும் 48 நாள் கால அளவையும் ஒருசேரக் குறிக்கிறது. இன்று புத்தகக் கடைகளில் 'மண்டலா' என்னும் பெயரில் விற்கப்படும் வண்ண ஏடுகள், அதாவது கறுப்புக் கோடுகளால் அச்சிட்ட வட்ட வடிவங்களுக்குள் வண்ணம் தீட்டிப் பழகுவதற்குரிய ஏடுகள், இச்சொல்லின் மிகப் பிந்திய பொருளைச் சுட்டுகின்றன. குருவிடம் தீக்கை பெற்றவரே வரையத்தக்கதாக இருந்த ஒரு சடங்கு வரைபடம், எவரும் தம் வீட்டு மேசையில் நாள்தோறும் சிறிது நேரம் வண்ணமிட்டு அமரும் படைப்புப் பயிற்சியாக மாறியது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இம்மாற்றத்தைப் புனிதத்திலிருந்து பொழுதுபோக்கிற்கு இறங்கிய ஒருவழிச் சரிவாகக் காண்பது எளிது. ஆனால் சான்றுகள் அத்தனை நேராக அமையவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கோட்டை வகுப்பவர் யார், வண்ணத்தைத் தேர்பவர் யார், வேலை முடிந்தபின் வரைபடம் என்ன ஆகிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால், இக்கால வண்ண ஏடு தன் நேரடி முன்னோடியாகக் கூறப்படும் உளவியல் மரபைவிட, அதற்கும் முந்திய மடாலய மரபுக்கே செயல்முறையில் நெருங்கியிருப்பது புலப்படும்.

சடங்கு நிலத்தில் மண்டலம்

பௌத்தத்தில் மந்திரமும் முத்திரையும் தியான உருவமும் ஒன்றிணைந்த வஜ்ரயான மரபு வளர்ந்தபோது மண்டலம் அதன் மையக் கருவியாயிற்று. மேலிருந்து நோக்கிய ஓர் அரண்மனையின் தளப்படமாக அது அமைகிறது: நடுவே முதன்மைத் தெய்வம், சுற்றிலும் பரிவாரம், நான்கு வாயில்கள் கொண்ட சதுர மதில், அதற்கு வெளியே தாமரை இதழ், வஜ்ரம், தீச்சுவாலை ஆகியவற்றாலான வளையங்கள். திபெத்திய மொழியில் இதற்கு வழங்கும் 'கியில்கோர்' என்னும் சொல் மையத்தையும் அதன் சூழலையும் சேர்த்தே குறிப்பதாகும். தீக்கைபெறும் மாணாக்கர் கண்கட்டப்பட்ட நிலையில் இவ்வரைபடத்தின்மீது ஒரு மலரை இட, அது விழும் இடத்துத் தெய்வமே அவருக்கு உரியதெனக் கொள்ளப்பட்டது. சைவ ஆகம மரபிலும் தீக்கையின்போது தரையில் வண்ணப் பொடிகளால் மண்டலம் இடுவது உண்டாதலால், இது ஒரு சமயத்தின் தனியுடைமையாக இருக்கவில்லை.

இந்நிலையில் வரைபவருக்கு உரிமை மிகக் குறைவு. விக்கிரமசீலப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய அபயாகரகுப்தர், 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவர். தம் 'வஜ்ராவளி' என்னும் நூலில் நிலத்தைத் தேர்வது முதல் நூல்பிடித்துக் கோடிடுவது வரையிலான முறைகளையும், 'நிஷ்பன்னயோகாவளி' என்னும் நூலில் 26 மண்டலங்களின் தெய்வங்களையும் நிறங்களையும் ஒழுங்குபடுத்தினார். நிறமும் விதிக்கு உட்பட்டதே. பரவலாக அறியப்பட்ட ஐந்து புத்தர் அமைப்பில் நடுவே வெண்மை, கிழக்கே நீலம், தெற்கே மஞ்சள், மேற்கே சிவப்பு, வடக்கே பச்சை என்னும் வரிசை காணப்பட, காலசக்கர மண்டலத்திலோ கிழக்குக் கறுப்பு, தெற்குச் சிவப்பு, மேற்கு மஞ்சள், வடக்கு வெள்ளை என்று அது வேறுபடுகிறது. எந்தத் தந்திர நூலைப் பின்பற்றுகிறோம் என்பதே நிறத்தைத் தீர்மானித்ததேயன்றி, வரைபவரின் விருப்பத்திற்கு அங்கு இடமிருக்கவில்லை.

திபெத்திய மடாலயங்களின் மணல் மண்டலம் இவ்வொழுங்கின் உச்சம் எனலாம். சுண்ணப்பொடி தோய்த்த நூலைச் சுண்டி அடிப்படைக் கோடுகளை இட்டபின், துறவியர் 'சக்புர்' எனப்படும் கூம்பு வடிவ உலோகக் குழலில் வண்ண மணலை நிரப்பி, அதன் வரிவரியான மேற்புறத்தை மற்றொரு கோலால் உரசுவர். அந்த அதிர்வில் மணல் நீர்போல் மெலிந்த இழையாக ஒழுகும். வேலை நடுவிலிருந்து வெளிநோக்கி நகர்கிறது. 722 தெய்வங்களைக் கொண்ட காலசக்கர மண்டலம் பல நாள் உழைப்பில் முடிவடைந்து, சடங்கு நிறைவேறியதும் தெய்வங்களை வழியனுப்பிக் கோடுகளை வெட்டி, மணலைத் துடைத்துக் கூட்டி ஓடும் நீரில் கரைத்துவிடுகின்றனர். ஆகவே மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் இங்குக் கிடைக்கும் விடை தெளிவானது: கோடு மரபினுடையது, வண்ணமும் மரபினுடையது, வரைபடமோ எவருக்கும் உரியதன்று, அது அழிவதற்கென்றே ஆக்கப்பட்டது.

காஞ்சியிலிருந்து கியோட்டோ வரை

மண்டலம் எங்கும் அழிக்கப்பட்டதென்று பொதுமைப்படுத்த இயலாது என்பதைக் கிழக்காசிய வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் தமிழகத்திற்கும் ஓர் இடமுண்டு. வஜ்ரபோதி (671–741) என்னும் துறவி தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்லவரின் காஞ்சியில் வறட்சி நீங்க மழை வேண்டிச் சடங்கு நடத்தியவர் என்றும் சீன நூல்கள் கூறுகின்றன. கடல்வழியே 720 அளவில் சீனத்தை அடைந்த அவரும் அவருடைய மாணவர் அமோகவஜ்ரரும் (705–774) வஜ்ரதாது மண்டலத்திற்கு ஆதாரமான நூல்களைச் சீனத்தில் மொழிபெயர்த்தனர். அமோகவஜ்ரரின் மாணவர் ஹுயிகுவோவிடம் 805இல் தீக்கை பெற்ற ஜப்பானியத் துறவி கூக்காய், மறு ஆண்டு நாடு திரும்பியபோது கருப்பதாது, வஜ்ரதாது என்னும் இரு மண்டலங்களின் ஓவியங்களையும் உடன்கொண்டு சென்றார்.

கூக்காய் தாம் கொணர்ந்தவற்றைப் பட்டியலிட்டு அரசவைக்கு அளித்த அறிக்கையில், எழுத்தால் உணர்த்தற்கரிய ஆழ்ந்த போதனைகளை ஓவியத்தின் துணைகொண்டே விளக்க இயலும் என்னும் கருத்தை முன்வைத்தார். இக்கருத்து ஓவியத்திற்கு ஒரு நிலைபேற்றை அளித்தது. ஜப்பானின் ஷிங்கோன் மரபில் இவ்விரு மண்டலங்களும் பட்டில் தீட்டப்பட்டுக் கோயில்களில் எதிரெதிரே தொங்கவிடப்பட்டன. கியோட்டோவின் ஜிங்கோஜிக் கோயிலில் செந்நீலப் பட்டில் பொன், வெள்ளிக் கோடுகளால் வரையப்பட்ட 9ஆம் நூற்றாண்டு மண்டலம் இன்றும் பேணப்படுகிறது. மூன்றாம் வினாவிற்கான விடை இங்கு மாறிவிட்டது. கோடும் வண்ணமும் மரபுக்கே உரியனவாக நீடிக்க, வரைபடம் மட்டும் பாதுகாக்கத்தக்க பொருளாயிற்று.

நாளுக்கு ஒரு வட்டம்

கோடு தனிமனிதரின் கைக்கு மாறியது 20ஆம் நூற்றாண்டில்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளமருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) தம் முதல் வட்ட ஓவியத்தை 1916இல் வரைந்தார். அதன் பொருள் அப்போது அவருக்கே விளங்கவில்லை. முதல் உலகப் போரின் இறுதியாண்டுகளில், ஷாத்தோ-தே என்னும் மலையூரில் அடைக்கலம் பெற்றிருந்த பிரிட்டானியப் போர்வீரர்களின் முகாமுக்குப் பொறுப்பேற்றிருந்த காலத்தில், அவர் காலைதோறும் ஒரு குறிப்பேட்டில் சிறிய வட்ட வடிவம் ஒன்றை வரைந்துவந்தார். அன்றைய மனநிலைக்கேற்ப வடிவம் மாறியதை அவர் கவனித்தார். தம்மை எரிச்சலூட்டிய கடிதம் ஒன்று வந்ததற்கு மறுநாள் வரைந்த வட்டத்தின் விளிம்பு ஒருபுறம் உடைந்து சமச்சீர் குலைந்திருந்ததை அவருடைய நினைவுக் குறிப்புகள் பதிவுசெய்கின்றன. மண்டலம் வரைவதைத் தனிமனிதரின் அன்றாடப் பழக்கமாகக் கொள்ளும் இக்கால வழக்கின் ஊற்றுக்கண் இக்குறிப்பேடே ஆகும்.

அவ்வடிவங்களைக் கீழைநாட்டு மண்டலங்களோடு யுங் பொதுவெளியில் ஒப்பிட்டது பின்னரே நிகழ்ந்தது. சீனவியலறிஞர் ரிச்சர்ட் வில்ஹெல்ம் மொழிபெயர்த்த 'பொன்மலரின் இரகசியம்' என்னும் தாவோயிய நூலுக்கு 1929இல் எழுதிய விளக்கவுரையில், ஐரோப்பியர் தாமே வரைந்த சில மண்டலங்களைப் பெயர் சுட்டாமல் அவர் இணைத்தார். அவற்றுள் அவர் வரைந்தவையும் இருந்தன. ஆளுமையின் முழுமையைக் குறிக்கும் 'தன்னியல்' என்னும் மையத்தை உள்ளம் தானாகவே வட்டமாகத் தீட்டிக்கொள்கிறது என்பது அவர் கொள்கை. 1938இல் இந்தியாவிற்கு வந்திருந்தபோது டார்ஜிலிங்கிற்கு அருகிலுள்ள பூட்டியா பஸ்தி மடாலயத்தில் அவர் சந்தித்த லாமா, மடாலயங்களில் காணும் புறமண்டலங்களுக்குத் தனிச்சிறப்பு இல்லை என்றும், பயிற்சிபெற்றவர் கற்பனையில் படிப்படியாகக் கட்டும் அகவடிவமே உண்மை மண்டலம் என்றும் கூறியதை யுங் தம் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டார்.

ஆயினும் அந்தக் கூற்றின் ஒரு பகுதியே அவருக்குப் பயன்பட்டது. லாமா பேசியது முறையான போதனை பெற்றவரின் கற்பனையைப் பற்றி. யுங்கின் நோயாளிகளோ எந்தப் போதனையும் இன்றித் தம் மனம்போன போக்கில் வரைந்தனர். முன்னதில் வடிவம் மனத்தைப் பக்குவப்படுத்துகிறது. பின்னதில் மனம் வடிவத்தைப் பிறப்பிக்கிறது. மரபு விதித்த கோடும் வண்ணமும் ஒருங்கே விலக, வரைபடம் வரைந்தவரின் அகநிலையைக் காட்டும் ஆவணமாகிப் பேணப்பட்டது. மூன்று விடைகளும் தலைகீழான கட்டம் இதுவே.

மருத்துவ அறையிலிருந்து வண்ண ஏட்டிற்கு

யுங்கின் முறையை அமெரிக்க ஓவியச் சிகிச்சையாளர் ஜோன் கெல்லாக் 1970களில் மேரிலாந்து மாநிலத்தின் உளநல ஆய்வு மையத்தில் வளர்த்தெடுத்தார். நோயாளிகள் வரைந்த வட்டங்களைத் தொகுத்து ஒப்பிட்ட அவர், அவற்றின் வடிவங்களை மனவளர்ச்சியின் அடுத்தடுத்த நிலைகளாக வகைப்படுத்தி, அவ்வடிவங்களைக் கொண்ட அட்டைகளால் உளநிலையை அறியும் முறையையும் அமைத்தார். அவர் வழியில் கற்ற சூசன் ஃபின்சர் 1991இல் வெளியிட்ட நூல், சிகிச்சையாளரின் துணையின்றியே மண்டலம் வரையும் பயிற்சியைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்தது.

இதற்கிடையே கோடு மீண்டும் முன்கூட்டியே விதிக்கப்படும் நிலை உருவாயிற்று. ஜெர்மானிய மருத்துவர் ரூடிகர் டால்கே 1985இல் வெளியிட்ட 'உலகின் மண்டலங்கள்' என்னும் நூல், கோத்திக் தேவாலயங்களின் வட்டச் சாளரங்கள் முதல் கீழைநாட்டு வடிவங்கள் வரை பலவற்றையும் கோட்டோவியங்களாகத் தந்து, வாசகரே வண்ணம் தீட்டுமாறு அமைந்திருந்தது. வரையத் தெரியாதவரும் மண்டலத்தில் ஈடுபட இது வழிசெய்ததால், ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் மழலையர் பள்ளிகளிலும் மண்டலத்திற்கு வண்ணமிடுதல் ஒரு வழக்கமான வகுப்பறைப் பயிற்சியாயிற்று. அதே பத்தாண்டில் திபெத்திய மூலமும் மேற்கில் நேரடியாக அறிமுகமானது. 1988இல் நியூயார்க் நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நம்கியால் மடாலயத் துறவியர் காலசக்கர மணல் மண்டலத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் அமைத்தனர். தீக்கை பெற்றோருக்குரிய ஒரு செயல் அங்குப் பார்வையாளருக்குரிய கலைக்காட்சியாயிற்று. 2012க்குப்பின் பிரான்சிலும் பிரிட்டனிலும் பெரியோருக்கான வண்ண ஏடுகள் பெருவணிகமாக எழுந்தபோது, மண்டலம் அவற்றின் நிலையான வடிவங்களுள் ஒன்றாக ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் வட்டம்

இப்பயிற்சி மனத்தை அமைதிப்படுத்துகிறது என்னும் கூற்று 21ஆம் நூற்றாண்டில் சோதனைக்கு உள்ளானது. நான்சி கரி, டிம் காசர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் 84 கல்லூரி மாணவர்களிடம், தமக்கு அச்சமூட்டிய நிகழ்வொன்றை எழுதச்செய்து பதற்றத்தை எழுப்பியபின், ஒரு பிரிவினருக்கு மண்டலக் கோட்டோவியத்தையும் மற்றொரு பிரிவினருக்குக் கட்டம் போட்ட துணியைப் போன்ற வடிவத்தையும் மூன்றாம் பிரிவினருக்கு வெற்றுத் தாளையும் கொடுத்து 20 நிமிடம் வண்ணமிடச் செய்தனர். மண்டலப் பிரிவினரின் பதற்றமும் கட்டப் பிரிவினரின் பதற்றமும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தன; வெற்றுத் தாளில் விரும்பியவாறு வண்ணமிட்டோரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. 2012இல் ரெனே வான் டெர் வென்னட், சூசன் செரிஸ் ஆகியோர் 50 பேரிடம் இதை மீண்டும் நடத்தியபோது, வெற்றுத் தாளைவிட மண்டலமே மிகுந்த பயனளித்தது. கட்ட வடிவம் அவ்வாறு மிஞ்சவில்லை.

வட்டத்திற்குத் தனியாற்றல் உண்டா என்பதில் இவ்விரு ஆய்வுகளும் முரண்படுகின்றன. எனினும் இரண்டும் உடன்படும் புள்ளியே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது: முழு விடுதலையைக் காட்டிலும், மண்டலத்தின் முன்பே விதிக்கப்பட்ட கோடுகளுக்குள் கை இயங்குவதே பதற்றத்தை மிகுதியாகத் தணித்தது. ஷாத்தோ-தேயின் குறிப்பேட்டில் வரையப்பட்ட கட்டற்ற வட்டம் மனநிலையைக் காட்டும் கண்ணாடியாக இருந்தது. மணலை இழையாக ஒழுக்கும் துறவிக்கோ கோடு கவனத்திற்குக் கரையாக இருந்தது. வண்ண ஏடு இவற்றுள் இரண்டாவதையே ஒத்திருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றில் கோடு மரபிடமிருந்து தனிமனிதருக்கும், பின் அவரிடமிருந்து அச்சிட்ட ஏட்டிற்கும் கைமாறியது. வண்ணம் ஒருமுறை தனிமனிதரிடம் வந்தபின் அவரைவிட்டு நீங்கவில்லை. இக்கால வண்ண ஏட்டின் தனித்தன்மை இக்கலப்பிலேயே இருக்கிறது: துறவிக்குரிய கட்டுப்பாட்டைக் கோட்டிலும், யுங்கின் நோயாளிக்குரிய விடுதலையை நிறத்திலும் அது ஒருங்கே தருகிறது. ஆயினும் துறவிக்குத் தெற்கின் மஞ்சள் ஒரு தெய்வத்தின் இருப்பு. ஏட்டில் தீட்டுபவருக்கு அது பெட்டியில் இருக்கும் பென்சில்களுள் ஒன்று. மணல் மண்டலத்தின் நிறைவு அதைக் கரைப்பதில் இருந்தது. ஏட்டின் பக்கமோ முடிந்தபின் சுவரில் ஒட்டப்படுகிறது, அல்லது மறக்கப்படுகிறது. கை கற்றுக்கொண்ட ஒழுங்கோடு அதன் பொருளும் முடிவும் உடன்வரவில்லை.

அந்த இடத்தை இன்று ஓரளவு நிரப்புவது வரைபடமன்று, அதற்குத் திரும்பத் திரும்ப வந்தமரும் பழக்கமே. காலைதோறும் ஒரு வட்டம் என்று யுங் வகுத்துக்கொண்ட ஒழுங்கிலும், நாள் தவறாது மணலிழைத்த துறவியரின் ஒழுங்கிலும் பொதுவாக இருப்பது இதுவே. ஒரே சொல்லால் வட்டத்தையும் 48 நாள் நோன்பையும் குறித்துவந்த தமிழ் வழக்கை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். அவ்வழக்கில் மண்டலம் நிறைவது ஒரு நாளில் அன்று, கணக்கிட்ட நாள்களின் தொடர்ச்சியில்தான்.