கம்பாக்ஸ் வாங்கிய மிளகு

விருதுநகர் மாவட்டத்துப் பிளவக்கல் அணைகளில் தேங்குவது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை. அதே தொடரில் சற்றுத் தெற்கே, சிவகிரி மலைக்கு அந்தப் பக்கம் பெய்வது கேரளத்துப் பெரியாறாகிக் கொடுங்கல்லூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டித்தான் முசிறி இருந்தது. யவனர் கப்பல்கள் பொன்னை இறக்கிவிட்டு மிளகு ஏற்றிப் போனதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது.

அந்தக் கப்பல்களில் வியாபாரிகள் மட்டும் வரவில்லை. கடற்கொள்ளையருக்குப் பயந்து வில்வீரர்களையும் ஏற்றி அனுப்பினார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. அவர் எழுதியது கி.பி. 77 வாக்கில். வழியைக் காக்க ரோமப் படையின் பெரும்பிரிவான லீஜியனும் இறங்கியது. செங்கடலின் தென்பகுதியில் உள்ள ஃபரசான் தீவில், இரண்டாம் டிராஜன் லீஜியனின் பிரிவு ஒன்று கி.பி. 144இல் வெட்டிய கல்வெட்டு கிடைத்திருக்கிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலிருந்து அந்தத் தீவு ஆயிரம் கிலோமீட்டர். பெரெனிகே கோயில் ஒன்றில் இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

மிளகு அங்கேயும் நிற்கவில்லை. ரோமப் பிரிட்டனின் வடக்கு எல்லையில் விண்டோலாண்டா என்ற கோட்டை. 1973இல் அங்கே சேற்றுக்குள்ளிருந்து, தபால் அட்டை அளவில் சீவிய மெல்லிய மரத்தகடுகள் வெளிவரத் தொடங்கின. மையால் எழுதியவை, கி.பி. 100ஐ ஒட்டியவை. ஒரு தகட்டில் படைவீரர்களின் பற்று வரவு. டாப்போ மகன் கம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு). லீஜியன் வீரனுக்கே அப்போது ஆண்டுச் சம்பளம் 300 தெனாரியஸ்தான். கறுப்பு மிளகு ராத்தல் 4 தெனாரியஸ் என்று பிளினி தரும் விலைப்படி பார்த்தால், கம்பாக்ஸுக்குக் கிடைத்தது அரை ராத்தல். லீஜியன் வீரனின் கணக்கிலேயே அதற்கு இரண்டரை நாள் கூலி போயிருக்கும்.

இன்னொரு தகடு சகோதரர்களுடையது. கிரௌட்டியஸ் என்பவன் லண்டனில் இருக்கும் வெல்டேயஸுக்கு எழுதுகிறான். வெல்டேயஸ் ஆளுநரிடம் குதிரைக்காரன். தம்பி என்கிறானா, அண்ணன் என்கிறானா, உடன்பிறந்தவனா, ஒரே கூடாரத்தில் உண்டு படுத்த தோழனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படையில் எல்லோரும் சகோதரர்தான். இவ்வளவு நாளாக ஒரு வரி எழுதவில்லையே என்று குறைப்படுகிறான். ஊரில் பெரியவர்களிடமிருந்து சேதி உண்டா, குவோட்டஸ் எந்தப் படைப்பிரிவில் இருக்கிறான் என்று கேட்கிறான். சகோதரி துத்தேனாவை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறான். கால்நடை வைத்தியர் விரிலிஸ் காசு வாங்கிக்கொண்டு தருவதாகச் சொன்ன கத்தரிக்கோலை எப்படியாவது வாங்கி அனுப்பு என்கிறான்.

சாண்டில்யனின் ‘யவன ராணி’யைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கத்தரிக்கோல் சப்பென்று இருக்கலாம். ஆனால் ராணியைக் கற்பனையில் உண்டாக்கிவிடலாம். வராத கத்தரிக்கோலுக்காக நச்சரிக்கும் சிப்பாய் அவ்வளவு சுலபத்தில் தோன்றமாட்டான். சரியாகச் சொன்னால் இந்த விண்டோலாண்டா வீரர்கள் லீஜியன்காரர்களும் அல்ல. குடியுரிமை இல்லாதவர்களைச் சேர்த்த துணைப்படையினர். 25 ஆண்டு கழித்தால்தான் ரோமக் குடியுரிமை.

யவனர் நம் பக்கமும் படைத்தொழிலுக்கு வந்தார்கள். மதுரைக் கோட்டை வாயிலில் வாளோடு நின்ற யவனரைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. எல்லோருக்கும் வந்த இடத்தில் மரியாதை கிடைத்துவிடவில்லை: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கைகளைப் பின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றியதாகப் பதிற்றுப்பத்தின் பதிகம் பெருமையாகவே சொல்கிறது. முல்லைப்பாட்டில் வருபவர்கள் கூலிக்கு இருப்பவர்கள். இறுக்கிக் கட்டிய உடை, அதன்மேல் சுற்றிய குதிரைச் சவுக்கு, மேலே சட்டை. பாசறையில் அரசன் தங்கும் அறையைக் கட்டி, சங்கிலி மாட்டி, விளக்குத் தொங்கவிடுவது அவர்கள் வேலை. நடை முடிந்த ஒவ்வொரு மாலையும் பாசறை கட்டுவது ரோமப் படையில் கற்றுத்தந்த பாடம். கிரௌட்டியஸ், வெல்டேயஸ் போன்ற சகோதரர்களில் ஒருவனை விண்டோலாண்டாவுக்கும் மற்றவனைப் பாண்டிநாட்டுக்கும் அனுப்ப நினைக்கும் நாவலாசிரியர் இங்கிருந்தே தொடங்கலாம்.