கல்லைப் படித்த மருந்துக்கடைக்காரர்

பீங்கான் என்றதும் வெண்களிமண்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மண்ணை மட்டும் எவ்வளவு சுட்டாலும் ஒளி ஊடுருவும் கோப்பை கிடைக்காது. சூளையில் இளகிக் கண்ணாடியாகி, மண்துகள்களை ஒன்றோடொன்று பிணைக்க ஒரு துணை வேண்டும். ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த பாறைதான் அந்தத் துணை. பீங்கான் வரலாற்றில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சீனாவின் ஜிங்டெஜென் நகரப் பீங்கான் தொழிலைப் பற்றி பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712இலும் 1722இலும் எழுதிய கடிதங்கள் கயோலின் என்ற வெண்களிமண்ணையும் அதற்குத் துணையான பெடுன்ட்ஸே என்ற கல்லையும் ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தின. இங்கிலாந்தின் பிளைமவுத்தில் மருந்துக்கடை நடத்திய வில்லியம் குக்வொர்தி அந்த விவரங்களைப் படித்துவிட்டுத் தேடலில் இறங்கினார். 1740களில், கார்ன்வாலின் ட்ரெகானிங் குன்றில் இரண்டையும் கண்டார்.

இரண்டும் ஒரே பாறையின் பிள்ளைகள். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் முற்றிலும் சிதைந்தால் கயோலின். ஓரளவே சிதைந்து, இரும்பு கலந்த கரிய மைக்கா கனிமம் இல்லாமலும் இருந்தால், அதுதான் 'சைனா ஸ்டோன்'. இரும்பு சிறிதளவு இருந்தாலும் சுட்ட பண்டத்தில் கரும்புள்ளி விழும், வெண்மை கெடும். வெறுங்கண்ணுக்கு நல்ல கல்லும் கெட்ட கல்லும் பல சமயம் ஒன்றுபோலவே தெரியும். வேதியியல் பகுப்பாய்வு வளராத அந்தக் காலத்தில் நெருப்பைத் தவிர வேறு நம்பகமான சோதனை இல்லை. துண்டைச் சுட வேண்டும், வெள்ளையாக உருகுகிறதா என்று பார்க்க வேண்டும். குக்வொர்தியின் பொறுமையை வியக்காமல் இருக்க முடியவில்லை: முதலில் கல்லைக் கண்டதற்கும் அதைக் கொண்டு பீங்கான் செய்யக் காப்புரிமை பெற்றதற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அதற்குள் தாமஸ் பிட்டின் நிலத்தில், செயின்ட் ஸ்டீபன் வட்டாரத்தில், இன்னும் தரமான கல் கிடைத்திருந்தது.

1768இல் காப்புரிமை வந்தது. பின்னர் அது பிரிஸ்டலைச் சேர்ந்த ரிச்சர்ட் சாம்பியனிடம் போனது. 1775இல் அவர் காலத்தை நீட்டிக்கக் கேட்டபோது ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் எதிர்த்தார். நீட்டிப்பு கிடைத்தது; ஆனால் ஒளி ஊடுருவும் பீங்கானுக்கு மட்டும். மற்றப் பண்டங்களுக்கு அந்த மண்ணையும் கல்லையும் யாரும் பயன்படுத்தலாம் என்றானது. அதே ஆண்டு வெட்ஜ்வுட் கார்ன்வாலுக்கே நேரில் போய்ப் பார்த்தார். ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்களுக்கு அந்தக் கல் எட்டியது அப்படித்தான்.

பின்னர் புகழ்பெற்ற எலும்புப் பீங்கானில் எலும்புச் சாம்பல் ஏறத்தாழ பாதி. மீதியை வெண்களிமண்ணும் சைனா ஸ்டோன் எனும் கார்ன்வால் கல்லும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. கல்குவாரிகளில் தரப்பிரிப்பும் உருவானது. கடின ஊதா, மென் ஊதா, மென் வெள்ளை என்றெல்லாம் பெயரிட்டார்கள். ஃபெல்ட்ஸ்பார் குறைவாகச் சிதைந்த கடின ஊதா எளிதில் இளகும். களிமண் கூடிய மென்வகை இளக அதிக வெப்பம் கேட்கும். ஊதா நிறத்தைத் தருவது ஃப்ளூரைட் என்ற கனிமம். சுடும்போது நிறம் மறைந்து பண்டம் வெளுத்துவிடும். ஆனால் ஃப்ளூரின் வாயுவாகச் சூளையை விட்டு வெளியேறும். அதனால் இருபதாம் நூற்றாண்டில், அரைத்த கல்லிலிருந்து ஃப்ளூரைட்டைப் பிரித்தெடுத்துவிட்டு விற்கத் தொடங்கினார்கள்.