தொம்பையும் திரைச்சீலையும்

சிதம்பரத்தில் சித்சபையினுள்ளே நடராஜப் பெருமானுக்கு அருகில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. புறம் கறுப்பும் அகம் சிவப்புமான அந்தத் திரையை விலக்கித் தீட்சிதர் தீபாராதனை காட்டும்போது, பொன் வில்வ மாலைகள் சில தொங்குவதன்றி அப்பால் மூர்த்தமென்று ஒன்றும் இல்லை. ஆகாசந்தான் அங்கே மூர்த்தி. இதன் தத்துவார்த்தத்தை விசாரிக்க எனக்கு யோக்கியதை போதாது. நான் எழுதப் புகுந்தது வீட்டுச் சாமான்களின் சரித்திரம். ஆயினும், தில்லையின் நான்கு வீதிகளிலும், கடலூர்ப் பழைய பட்டினத்திலும், திருப்பாதிரிப்புலியூரிலும் இரண்டு தலைமுறைக்கு முந்திய வீடுகளுக்குள் நுழைந்து பழகியவர்களுக்கு, வெளியை வெளியாக விட்டுவைப்பதே பெரிய அலங்காரம் என்ற அபிப்பிராயம் கோயிலோடு நின்றுவிடாமல் குடித்தனக்காரர்களின் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

அந்த வீடுகளில் திண்ணை தாண்டி, ரேழி தாண்டிக் கூடத்துக்கு வந்தால், முதலில் கண்ணில் படுவது முற்றத்து வெளிச்சம் விழுந்து பளபளக்கும் தரைதான். ஊஞ்சல் ஒன்று ஆடும். அதையும் விசேஷ நாட்களில் சங்கிலியிலிருந்து கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். உட்கார மணை, படுக்கப் பாய், விருந்தாளிக்கு ஜமக்காளம். வேண்டும்போது வந்து, வேண்டாதபோது மூலைக்குப் போய்விடும் வஸ்துக்கள். மத்தியானம் பந்தி போட்ட அதே இடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் பாடம் படிக்கலாம், இரவில் பத்துப் பேர் வரிசையாகப் படுக்கலாம். ஓர் அறைக்கு ஒரே உத்தியோகம் என்ற ஏற்பாடு பிற்காலத்தது. அதற்கு இடமும் அதிகம் வேண்டும், பணமும் அதிகம் வேண்டும்.

அப்படியானால் சாமான்களெல்லாம் எங்கே போயின? தலைக்கு மேலேயும் சுவருக்குள்ளேயும் போயின. தயிரும் நெய்யும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உறியில் தொங்கின. உடுத்திய துணி உத்தரத்தில் கட்டிய மூங்கில் கொடியில் காய்ந்து அங்கேயே தங்கியது. விளக்குக்கும் விபூதிக்கும் சுவரிலேயே மாடம் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வேண்டியிருக்கும் அண்டா குண்டாக்கள் பரணேறின. சமையற்கட்டின் மூலையில் பிரிமணை மேல் நிற்கும் அடுக்குப் பானைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அடியில் பெரிய பானை, மேலே போகப் போகச் சிறியவை. அடிப் பானையில் கை வைக்க வேண்டுமானால் மேலுள்ள அத்தனையையும் இறக்கியாக வேண்டும். ஆதலால் உப்புப் போட்டு அடைத்த வருஷப் புளி அடியிலும், அன்றாடம் வேண்டிய பருப்பு உச்சியிலும் இருக்கும்படி குடும்ப ஸ்திரீ யோசித்து அடுக்கியிருப்பாள். இப்போது நகரத்து அடுக்ககங்களில் விலை கொடுத்துச் செய்யும் இழுவறைகளின் யுக்தி முழுவதும் அந்த மண்பானைக் கோபுரத்தில் அடங்கியிருந்தது.

இந்தச் சாமர்த்தியத்தில் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. பெண்ணையும் கெடிலமும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தேடி ஓடிவரும் தாழ்ந்த நாடு இது. ஐப்பசி கார்த்திகையில் புயல் கிளம்பினால் ஆறு வாசற்படி ஏறி உள்ளே வந்துவிடும். பத்திரப் பெட்டியும் விதை நெல்லும் பரணில் இருந்தால் குடும்பம் பிழைத்தது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சோபாவும் மெத்தையும் ஊறி நாறிப்போய்த் தெருவில் கொண்டு போட வேண்டி வந்தவர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லுக்குரிய பாத்திரங்களில் பத்தாயம் மரத்தாலானது, குதிர் மண்ணாலானது. தொம்பை என்ற பெயரும் நெல் கொட்டி வைக்கும் உருண்டை நெட்டுக் கூட்டுக்கு உண்டு. அதே பெயரை, தேரின் நான்கு பக்கங்களிலும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாய்த் துணி வெட்டித் தைத்து உருளை வடிவில் தொங்கவிடும் அலங்காரத்துக்கும் வைத்திருக்கிறோம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரே தேரேறி வீதிக்கு வரும் சிதம்பரத்தில், காற்றில் புரண்டாடும் அந்தத் தொம்பைகளைப் பார்த்து வீடு திரும்பும் குழந்தை, கொல்லைப்புறத்து அறையில் அதே உருவத்தில் நெல் நிற்பதையும் பார்த்திருக்கும். எது எதிலிருந்து பெயர் பெற்றது என்பதை மொழி நூலார் தீர்க்கட்டும். சேமிப்பதற்கும் சிங்காரிப்பதற்கும் ஒரே சொல் போதும் என்று நினைத்த ஜனங்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

நவராத்திரியில் இது கண்கூடாகும். கொலுப்படி என்று தனியாக ஒரு வஸ்துவை விலைக்கு வாங்கும் வழக்கம் அந்நாளில் ஏது? டிரங்குப் பெட்டி, கள்ளிப்பெட்டி, நெல் மரக்கால், மணைப் பலகை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கமாய் வைத்து, மேலே வெளுத்த எட்டுமுழ வேட்டியை விரித்தால் படி முடிந்தது. பண்ணுருட்டியிலிருந்தும் கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்தும் வந்த மண் பொம்மைகள் அதன் மேல் ஒன்பது நாள் கொலுவிருந்துவிட்டு, பிறகு வைக்கோல் சுற்றிக்கொண்டு, தாங்கள் நின்ற பெட்டிக்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.

காலுள்ள பெரிய சாமான்கள் கடல் வழியாக வந்தன. அவற்றின் பெயர்களே அதற்குச் சாட்சி. மூன்று கால் உள்ளதை முக்காலி என்றும், நான்கு கால் உள்ளதை நாற்காலி என்றும் சொல்ல நமக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்கு நம்மிடம் பெயர் இருந்தது; நிற்கிற பெட்டிக்குத்தான் பெயர் இல்லை. அலமாரி, மேஜை, ஜன்னல், சாவி என்ற நான்கும் போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொற்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்று முகத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். பீரோ என்பதோ பிரெஞ்சுக்காரன் தன் எழுது மேஜைக்கு வைத்த பெயர். நம்மிடம் வந்து அது பட்டுப் புடவை வைக்கும் இடமாயிற்று.

அவர்கள் கொண்டுவந்ததைக் காட்டிலும் கொண்டுபோனதுதான் பெரிய கதை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ் கம்பெனியார் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். பீரங்கி வெடித்து, குண்டு போய் விழும் எல்லை மட்டும் தங்களுடையது என்று பேசி முடித்த அந்தக் கிரயத்தினால், சுற்றுப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. செயிண்ட் டேவிட் கோட்டை எனப்பட்ட அது, 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபின், 1752 வரை கம்பெனியாருக்குத் தலைமை ஸ்தலமாகவும் இருந்தது. கோட்டையின் யுத்தங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கோட்டை எதற்காக என்பதைத்தான் சரியாகப் படிக்கவில்லை. துணிக்காகத்தான். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் கேட்கும் லாங்கிளாத்தும், நம் பாட்டிமார் சீட்டி என்று சொன்ன வர்ணத் துணியும் மூட்டை மூட்டையாக இந்தக் கரையோரத்திலிருந்து கப்பலேறின.

சீட்டியின் வேலையைச் சற்றே விவரிக்கலாம். புதுச்சேரியில் 1734-ஐ ஒட்டி பொலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை உத்தியோகஸ்தர் வேலைக்காரனுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்து, ஒவ்வொரு பக்குவம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி எழுதிய குறிப்பு பாரிஸில் இருக்கிறது. வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பால் சேர்ந்தால் மை பரவாது. கரித்தூளைத் தட்டிச் சித்திரத்தின் கோடுகளை இறக்குவார்கள். கறுப்புக்கு இரும்பைப் புளிக்கவைத்த காடி. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு மணற்பாங்கான இந்தக் கரையில் விளையும் சாயவேரை இட்டுத் துணியைக் கொதிக்கவைத்தால், படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். மற்ற இடத்துச் சாயம் துவைத்து வெயிலில் போடப் போட வெளுத்துவிடும். நீலத்துக்கு வேறிடமெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இவ்வளவு பிரயாசைப்பட்டுப் பிடித்த சாயம் எத்தனை வெளுப்புக்கும் போகாது. மேனாட்டார் வாய் பிளந்தது இதைக் கண்டுதான்.

அவர்கள் அதை உடுத்தியதோடு விடவில்லை. கட்டிலுக்குத் திரையாகவும், ஜன்னலுக்குப் படுதாவாகவும், நாற்காலி மெத்தைக்கு உறையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். படுக்கையறை வரைக்கும் இந்தியத் துணி புகுந்துவிட்டதென்று டேனியல் டீஃபோ 1708-இல் புலம்பி எழுதினார். இங்கிலாந்து நெசவாளர்கள் கலகம் செய்ததன்பேரில், 1721-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, சாயமிட்ட பருத்தித் துணியை உடையிலும் வீட்டுச் சாமான்களிலும் உபயோகிக்கக் கூடாது என்று தடுத்தது. நாற்காலி உறைக்கு ராஜாங்கம் பயந்த விசித்திரம் வேறெங்கே நடந்திருக்கிறது? டேவிட் காரிக் என்ற கீர்த்தி பெற்ற நாடக நடிகரின் மனைவிக்குக் கல்கத்தாவிலிருந்து பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துச் சீட்டியைச் சுங்கத்தார் 1775-இல் பறிமுதல் செய்துவிட, காரிக் மேலதிகாரிக்கு நயந்து கடிதம் எழுத நேர்ந்தது. அந்தக் கட்டில் திரை இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச் சாலையில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் செதுக்கிய கருங்காலி நாற்காலிகளுக்கு வேறு விதமான பாக்கியம்: ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு அவற்றைத் தம் தேசத்துப் பழைய டியூடர் ராஜாக்கள் காலத்துச் சாமான் என்று நம்பி ஆசையோடு வாங்கி வைத்துக்கொண்டார்.

இத்தனையும் நெய்து அனுப்பியவனுடைய வீட்டிலோ தறிக்குழியும் பாயுந்தான். பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் தாழை மடலை முள் நீக்கிக் கிழித்துப் பெண்கள் முடைந்த பாய், ஆற்றங்கரைக் கோரையில் நெய்த பாய், இரண்டுமே கோடையில் முதுகுக்குக் குளிர்ச்சி. பருத்தி பஞ்சமில்லாத நாட்டில் அவன் மெத்தையை நாடாததற்கு வறுமை ஒரு காரணம், வெக்கை மற்றொரு காரணம்.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரி அமைந்த பிறகு, துரைமார் வீட்டு நாற்காலி குமாஸ்தா வீட்டுத் திண்ணைக்கு மெல்ல இறங்கி வந்தது. வந்தவற்றில் நம்மவர் உவந்து ஏற்றது பிரம்பு நாற்காலியையும் கித்தான் சாய்வு நாற்காலியையும். இரண்டிலும் முதுகுக்குக் காற்று வரும், இரண்டையும் கிழிந்தபோது புதுப்பிக்கலாம். பிரம்பு பின்னுவதை நான் பல முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சட்டத்தைச் சுற்றித் துளைகள்; பிரம்புச் சீவல் தண்ணீரில் ஊறிக் குழைந்திருக்கும். நெடுக்கே இரண்டு இழை, குறுக்கே இரண்டு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு. கடைசி இழை ஓடி முடிந்ததும் எண்கோணக் கண்கள் வரிசையாய்த் திறந்துகொள்ளும். துளையில் சிறு ஆப்பு அடித்து ஓரங்கட்டினால், காயக் காயத் தம்பூரா மாதிரி இறுகிவிடும். இந்தத் தொழிலில் கண் பார்வை இல்லாதவர்கள் பலர் நிபுணராக இருந்தார்கள். விரல் நுனியால் துளையை எண்ணிப் பின்னுவார்கள், ஓர் இழை தப்பாது.

மெத்தைக்குப் பஞ்சுக்கொட்டி வருவார். ஆளுயர வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நாணைச் சுண்டினாலே அவர் வருகை தெரிந்துவிடும். கட்டிபட்ட இலவம் பஞ்சை வாசலில் கொட்டி அடித்து, வெயில் காட்டி, பழைய உறையிலேயே மறுபடி திணித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றிரவு படுக்கையில் வெயில் வாசனை அடிக்கும்.

பிற்பாடு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1923-இல் கோத்ரெஜ் செய்யத் தொடங்கிய இரும்பு அலமாரி நாளடைவில் சீர்வரிசையில் இடம் பிடித்தது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்ட பிறகு, டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாகச் சிதம்பரம் ரயிலடியில் இறங்கும் மாணவர் கூட்டம் பெருகியது. பண்ணுருட்டிப் பலா மரத்தில் கதவும் கட்டிலும் செய்தவர்கள் இருந்தார்கள்; மஞ்சளாய்ப் பிறந்து வருஷம் ஆக ஆகச் சிவந்து வரும் மரம் அது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயல் அந்தத் தோப்புகளில் பெரும் பகுதியைச் சாய்த்துவிட்டது. இப்போது பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் நாடா, தேங்காய் நாருக்குப் பதில் ரப்பர்த் திணிப்பு, துணிக்குப் பதில் ரெக்ஸின். எங்கள் வீட்டுப் பழைய சோபாவை ஒரு கடையில் புதுப்பிக்கக் கொடுத்தபோது, நான் துணி என்று சொன்னதை ரெக்ஸின் என்று காதில் வாங்கிக்கொண்டு தைத்துவிட்டார்கள். கடலூர்க் கத்திரி வெயிலில் அதிலிருந்து எழுந்திருப்பது, ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பது போலத்தான்.

உங்கள் பரணிலும் கால் ஆடிப்போன சாய்வு நாற்காலி ஒன்று கிடக்கக்கூடும். காயலான் கடைக்காரர் எடை போடுவதற்கு முன் அதை இறக்கிப் பாருங்கள். மரம் நன்றாயிருந்தால் இரண்டு கஜம் கித்தானும், இரு முனையிலும் கழி நுழையும்படி மடித்து இரட்டைத் தையல் போட ஒரு தையற்காரரும் போதும். அரை நாள் வேலை.